அரங்கநாதன் கடை மஞ்சள்

அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி போகும் ரோட்டில் இருக்கிற அந்த மளிகைக்கடைக்கு இதுவரை ஐந்து முதலாளிகள். ஆளுக்கொரு பெயர்ப்பலகை மாட்டிப் பார்த்தார்கள். சனங்கள் ஒன்றையும் படித்ததாகத் தெரியவில்லை. முதன்முதலில் கடை போட்ட அரங்கநாதன் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இன்றைக்கும் உலை கொதிக்கும்போது வீட்டில் பருப்பு இல்லையென்றால், "அரங்கநாதன் கடைக்கு ஒரு ஓட்டம் ஓடிட்டு வா" என்றுதான் ஆளை அனுப்புகிறார்கள்.

இப்போதைய முதலாளி வளர்மதி. தன் பெயரை யாரும் சொல்வதில்லை என்பதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. பெயர் யாருடையதாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், வியாபாரம் நம்முடையதாக இருந்தால் சரி என்பாள். அவளுடைய சண்டை வேறு. அதைச் சொல்வதற்கு முன்னால் அவள் எப்படி அந்தக் கல்லாவில் வந்து உட்கார்ந்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அரங்கநாதனுக்குப் பிறகு கடை அவர் மகனுக்கு வந்தது. மகனுக்குப் பருப்பு மூட்டைக்கு நடுவில் உட்காரப் பிடிக்கவில்லை. வாழ்க்கை வீணாகிவிடும் என்று பயந்து, கடையை ராசாங்கத்திடம் விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனார். அங்கே ஒரு கம்பெனி குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள்.

ராசாங்கம் கடையை வாங்கிய சமயத்தில்தான் வளர்மதி வேலை கேட்டு வந்தாள். அவள் புருஷன் அங்கமுத்து சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவன். மஞ்சள்காமாலையைக் கவனிக்காமல் விட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது காரியம் கைமீறிவிட்டது. இடுப்பில் ஆர்த்தி என்று ஒரு கைக்குழந்தை. பிறந்த ஊரான வரதராஜன்பேட்டைக்கே வந்துவிடச் சொல்லித் தம்பி கூப்பிட்டான். தம்பி வீட்டில் சாப்பிட்டால் ஒவ்வொரு கவளத்துக்கும் தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. மாட்டேன் என்றுவிட்டு, குழந்தையோடு ராசாங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

அவர் நல்ல மனுஷர். தூக்கமும் அரசியல் பேச்சும்தான் அவருக்கு இரண்டு கண். கடைக்கு ஆள் கிடைத்தது என்பதைவிட, காலையில் கதவைத் திறக்க ஆள் கிடைத்தது என்பதில்தான் அவருக்கு மகிழ்ச்சி. வளர்மதி பொட்டலம் மடிக்க ஆரம்பித்தாள். புடைப்பது, பொறுக்குவது, எடை போடுவது, எந்த வீட்டில் என்ன சீக்கிரம் தீரும் என்று ஞாபகம் வைத்துக்கொள்வது எல்லாம் அவள் வேலையாயிற்று.

இந்த ராசாங்கத்துக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவருக்கு மஞ்சள் ஆகாது. மூட்டையைப் பிரித்த வாடை பட்டாலே தும்மல் பிடித்துக்கொள்ளும், ஒன்றிரண்டோடு நிற்காது. மளிகைக்கடை வைத்திருக்கிறவருக்கு மஞ்சள் ஆகாது என்பது மீன் விற்கிறவளுக்குக் கவிச்சி ஆகாது என்கிற மாதிரிதான். சும்மா நாளில் தும்மினால் யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை. கல்யாணச் சாமான் எடுக்கும்போதுதான் தலைவலி.

அந்தப் பக்கத்தில் கல்யாணச் சாமான் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. நல்ல நேரம் பார்த்து, வீட்டுப் பெண்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு கடைக்கு வருவார்கள். அரிசி, பருப்பு, எண்ணெயெல்லாம் பின்னால் வேனில் போகும். முதலில் மஞ்சளும் உப்பும். அதைக் கடைக்காரர் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அது ராசியான கையாகவும் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கடைக்காரர் தாம்பாளத்துக்கு நேராக ஒரு தும்மல் போட்டால் கல்யாணமே நின்றாலும் நின்றுவிடும்.

வழி கண்டுபிடித்தவள் வளர்மதி. முதல் நாளே உடையாத விரலி மஞ்சளாகப் பொறுக்கி, உப்பையும் சேர்த்து, புது மஞ்சள் துணியில் இறுக்கி முடிச்சுப் போட்டு வைத்துவிடுவாள். ராசாங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த முடிச்சை எடுத்துத் தாம்பாளத்தில் வைப்பார். அவர் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்த பெண்கள், மனுஷர் கல்லங்குறிச்சி கலியபெருமாள் சாமியை நினைத்துக் கொடுக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

நாளாக ஆக அந்த முடிச்சுக்கே தனி மவுசு வந்துவிட்டது. ராசாங்கத்தின் கையால் மஞ்சள் வாங்கினால் குடும்பம் தழைக்கும் என்று ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் கிடைத்த பேர் அது. மஞ்சளைப் பொறுக்கியதும் முடிச்சுப் போட்டதும் புருஷனை இழந்த ஒருத்தி என்று யாருக்கும் தெரியாது. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ராசாங்கத்துக்கு முழங்கால் தேய்ந்து, திருச்சியில் மகன் வீட்டோடு போய் இருக்கலாம் என்று முடிவெடுத்தபோது கடையை வாங்கியவன் அறிவழகன். பெரம்பலூரில் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்த அனுபவம். தராசு, கல்லாப்பெட்டி, வளர்மதி என்று எல்லாம் கடையோடு சேர்ந்து அவன் கைக்கு மாறின. வந்த வேகத்தில் கண்ணாடிக் கதவு போட்டான், ஏசி மாட்டினான், தள்ளுவண்டிக் கூடை வாங்கிப் போட்டான். அதைத் தள்ளிக்கொண்டு திரும்புவதற்குக் கடையில் இடமில்லை. களையெடுத்துவிட்டுச் சேற்றுக் காலோடு வந்த பெண்கள் கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் செருப்பை வெளியில் கழற்றி விட்டுவிட்டு, அதன் பிறகும் உள்ளே வரக் கூச்சப்பட்டு, ரோட்டில் நின்றபடியே "தம்பி, கால் கிலோ வெல்லம்" என்று கத்தினார்கள். ஏசிக்குள் உட்கார்ந்திருந்த தம்பிக்குக் காது கேட்கவில்லை. இரண்டு தீபாவளி பார்த்துவிட்டு, கடையை விற்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டான்.

பரோட்டாக் கடைக்காரர் ஒருவர் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு வளர்மதிக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பங்குக்கு வந்த முந்திரிக்காடு வரதராஜன்பேட்டையில் இருந்தது. ஒரு பொம்பளை தனியாகக் கடை எடுத்து என்ன கிழிக்கப்போகிறாள் என்று தம்பி குதித்தான். குதித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, அவனிடமே காட்டை விற்றுக் கடையை வாங்கினாள்.

முதல் வேலையாகக் கண்ணாடிக் கதவைக் கழற்றினாள். வாரம் தவறாமல் விடியற்காலைப் பஸ் பிடித்துப் பெரம்பலூருக்குப் போய், சின்ன வெங்காயம் விளைவிக்கிறவர்களிடமே மூட்டை எடுத்து வந்தாள். போனில் சொன்னால் வீட்டுக்குச் சாமான் போயிற்று. பொட்டலம் மடிக்க லாவண்யா என்று ஒருத்தியை வைத்துக்கொண்டாள். கெட்டிக்காரி, புருஷன் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை. அன்றாட வியாபாரத்துக்குக் குறைவில்லை.

கல்யாணம் மட்டும் வரவில்லை. தை மாதத்தில் தெருவிலேயே இரண்டு கல்யாணம் நடந்தது. வைகாசியிலும் நடந்தது. காலையில் அவளிடம் காபித்தூள் வாங்கிப் போனவர்களே மத்தியானம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்க் கல்யாணச் சாமான் எடுத்தார்கள். யாரும் முகத்துக்கு நேராகக் காரணம் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. கல்லாவில் இருப்பது தாலி இல்லாத பொம்பளை.

வளர்மதிக்கு இது புதிதல்ல. ராசாங்கம் காலத்தில் நடந்த மகள் ஆர்த்தியின் கல்யாணத்துக்கும் மஞ்சளைப் பொறுக்கி முடிந்தது அவள்தான். ஆனால் தாம்பாளத்தைப் பிடித்து அதை வாங்கியது தம்பி பெண்டாட்டி. பெற்றவள் ஓரமாகப் போய் நின்றாள். மகளுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயத்தில் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். இனி எவளுக்காகவும் ஓரமாக நிற்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள்.

வைராக்கியம் வேறு, கடைக் கணக்கு வேறு. பெரிய மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகச் சரக்கு எடுத்தால்தான் விலை குறைத்துத் தருவார்கள். கல்யாணம் இல்லாமல் அவ்வளவு சரக்கு ஓடாது. ஆடியை எப்படியோ தள்ளிவிடலாம். ஆவணியிலும் கல்யாணச் சாமான் போகவில்லையென்றால் கடையை விட்டுவிட வேண்டியதுதான். பரோட்டாக் கடைக்காரர் இன்னும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆடிக் கடைசியில் கொளஞ்சியம்மாள் வந்தாள். நிலபுலம் உள்ள குடும்பம். அவள் எந்தக் கடையில் கல்யாணச் சாமான் எடுக்கிறாளோ அங்கேதான் அந்தத் தெருவே எடுக்கும். மகன் தமிழழகனுக்கு ஆவணியில் கல்யாணம். இருபக்கத்து உறவும் பெருங்கூட்டம், மூன்று வேளைச் சாப்பாடு. எல்லாவற்றையும் வளர்மதியிடமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். வளர்மதிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உட்காரச் சொல்லி, கலர் சோடா வாங்கி வரச் சொன்னாள்.

கலரைக் குடித்து முடித்த பிறகு கொளஞ்சியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"மத்ததெல்லாம் நீயே பாத்துக்க. மஞ்ச மட்டும் லாவண்யா எடுத்துக் குடுக்கட்டும். அந்த நேரத்துக்கு நீ செத்த உள்ளார போயி இரு. தப்பா நெனைக்காத வளரு."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கடையும் பிழைக்கட்டும், சாங்கியமும் கெடாமல் இருக்கட்டும் என்று யோசித்து, தன்னால் முடிந்த பெருந்தன்மையோடுதான் சொன்னாள். அதுதான் வளர்மதிக்குத் தாங்க முடியவில்லை. உள்ளே என்றால் குடோன். அவள் காசு கொடுத்து வாங்கிய கடையில், எலிப்பொறிக்குப் பக்கத்தில், நல்ல நேரம் முடியும்வரை ஒளிந்து நிற்க வேண்டும்.

"கடை என்னுதுங்கக்கா. சாமான் குடுத்தா மஞ்சளும் நாந்தான் குடுப்பேன்" என்றாள்.

கொளஞ்சியம்மாள் காலிக் கலர் பாட்டிலை ஓரமாக வைத்தாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

லாவண்யா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வளர்மதியே ஒருமுறை சொல்லியிருந்ததால் அவளுக்கு அந்த முடிச்சு விவகாரம் தெரியும். இத்தனை வருஷமும் மஞ்சள் முடிந்த கை யாருடையது என்று சொல்லிவிட்டால் இவர்கள் வாயடைத்துப் போவார்களே, ஏன் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். வளர்மதி புளி மூட்டையைப் பிரிக்கப் போனாள்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவள் முடிந்து கொடுத்த மஞ்சளில் நடந்த கல்யாணங்களில் முக்கால்வாசி நன்றாகவே இருந்தன. பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட உண்டு. அதையெல்லாம் யார் எண்ணப்போகிறார்கள்? கெட்டுப்போன நான்கைந்தைத்தான் எடுத்து வைத்துப் பேசுவார்கள். அதில் முதலாவது கொளஞ்சியம்மாளின் மூத்த மகள் சண்முகப்பிரியாவின் கல்யாணம். கட்டிக்கொண்டவன் குடித்துவிட்டு அடித்ததில் ஒரு காது சரியாகக் கேட்காமல், அவள் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்த மஞ்சளும் வளர்மதி முடிந்ததுதான். இந்தத் தெருவுக்கு அது தெரிந்தால் கல்யாணச் சாமான் இருக்கட்டும், கடுகுகூட வாங்க வரமாட்டார்கள்.

சொன்னால் கடை போகலாம். சொல்லாவிட்டால் கடை போவது நிச்சயம். குடோனுக்குள் போய் நின்றால் கடை நிற்கும், அவள் நிற்கமாட்டாள். இரண்டு நாள் இதையே போட்டு உழப்பிக்கொண்டு, கடைசியில் ராசாங்கத்துக்குப் போன் போட்டாள். அவர் பேரும் இதில் இருக்கிறதே.

ராசாங்கம் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். "எம் பேரு போனா போவுது, அத வச்சு திருச்சியில நான் என்னா பண்ணப்போறேன்? ஆனா வளரு, பழி பூரா உந்தலைல வந்து வுழும். நல்லா ரோசன பண்ணிக்க."

"பண்ணிட்டேண்ணே" என்று போனை வைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே லாவண்யாவைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுக் கொளஞ்சியம்மாள் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. பங்காளி வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து சீர்வரிசைத் தட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்முகப்பிரியா அந்த வட்டத்தில் இல்லை. புருஷனை விட்டு வந்தவள் தம்பி கல்யாணத்துக்கு எதையும் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வளர்மதி உட்காரவில்லை. நின்றபடியே, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். ராசாங்கத்துக்கு மஞ்சள் ஆகாது என்பதை, அவர் கண்ணை மூடியது சாமியை நினைத்து அல்ல, தும்மலுக்குப் பயந்து என்பதை, இந்தத் தெருவில் கல்யாணமான ஒவ்வொருவருக்கும் மஞ்சளைப் பொறுக்கி முடிந்தது தன் கைதான் என்பதை. ஒரு பெண் சிரித்துவிட்டாள். பிறகு மற்றவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நல்லாருக்கவங்கள மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா அது நேர்மையில்லீங்கக்கா. ஒங்க சண்முகப்பிரியா கல்யாணத்துக்கும் நாந்தான் முடிஞ்சேன். தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

கொளஞ்சியம்மாளின் முகம் கறுத்துவிட்டது. பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி, அதுதானே பார்த்தேன், ராசாங்கத்தின் ராசியான கையில் வாங்கியும் இந்தப் பெண் வாழ்க்கை ஏன் இப்படி ஆயிற்று என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன் என்று ஆரம்பித்தாள். கடை போயிற்று என்று வளர்மதி நினைத்தாள். ஆனாலும் தலையைக் குனியவில்லை.

அடுப்படி வாசலிலிருந்து சண்முகப்பிரியா எழுந்து வந்தாள். கேட்கிற காதைக் கூடத்தின் பக்கம் திருப்பி, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வெங்காயம் உரித்த கண்ணில் தண்ணீர் நின்றது, அழுகை இல்லை. பங்காளி வீட்டுப் பெண்ணை அவள் பார்க்கவேயில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள்.

"மஞ்ச யாரு கையில வாங்கறதுன்னு அவ்வளவு பாத்தீங்கல்லம்மா. அவன் குடிக்கிறானான்னு அவங்க ஊர்ல யாரையாவது ஒரு வார்த்த கேட்டீங்களா?"

சண்முகப்பிரியா குரலை உயர்த்தாமலே தொடர்ந்தாள்.

"எந்தலையெழுத்து மஞ்சள்ல இல்ல. நீங்க விசாரிக்கல. அதுக்கு இவங்க கைய ஏன் இழுக்கறீங்க?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். வளர்மதி வரேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். தெருமுனைக்கு வருவதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. தனக்காகவா, அந்தப் பெண்ணுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த சில நாட்கள் கடையில் கூட்டம் குறைந்தது. விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது என்பது வந்தவர்கள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. சிலர் சில்லறையை அவள் கையில் கொடுக்காமல் கல்லாமேல் வைத்தார்கள். பெரம்பலூர்ப் பஸ்ஸில் அந்த வாரம் பாதி மூட்டை வெங்காயம்தான் ஏற்றி வந்தாள். பரோட்டாக் கடைக்காரர் ஒருநாள் உள்ளேயே வந்து, சும்மா டீத்தூள் விலை கேட்கிற மாதிரி கடையின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனார். விற்கிற எண்ணமில்லை என்று அவர் கேட்காமலே அவள் சொன்னாள்.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்த நாள். வழக்கம்போலக் கடையைத் திறந்து, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினாள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இருந்தாலும் மஞ்சள் மூட்டையைப் பிரித்து நல்லதாகக் கொஞ்சம் பொறுக்கி ஒரு தட்டில் வைத்தாள். நாள் நல்ல நாள், கடை திறந்திருக்கிறது, யாரும் வராவிட்டால் அது அவர்கள் பாடு என்று லாவண்யாவிடம் சொன்னாள். லாவண்யா கல்லாவைத் துடைத்தாள்.

கொளஞ்சியம்மாள் தெருவின் நடுவில் நடந்து வந்தாள். கையில் தாம்பாளம் இருந்தது. கூட வேறு பெண்கள் யாரும் வரவில்லை. சண்முகப்பிரியா மட்டும் பட்டுச்சேலை உடுத்தி, நிமிர்ந்தும் நிமிராமலும் அம்மாவுக்கு ஒரு அடி பின்னால் வந்தாள். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பழக்கத்தில் லாவண்யா மஞ்சள் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

"நீ இரும்மா" என்றாள் கொளஞ்சியம்மாள்.

வளர்மதி இரண்டு கையாலும் மஞ்சளை அள்ளினாள். கொளஞ்சியம்மாள் தாம்பாளத்தை நீட்டவில்லை. அதை மகளிடம் கொடுத்து, தோளைப் பிடித்து அவளைத் தனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"எம்பொண்ணு வாங்கிக்குவா. போடு வளரு."